ஏர் ஃப்ரையரில் சாக்லேட் பஃப்ஸ்: மாவு பிசைவது முதல் ஆறவைப்பது வரை

பேக்கரியில் முட்டை பஃப்ஸுக்குப் போடும் அதே அடுக்கு மாவுதான் இதற்கும். உள்ளே மசாலாவுக்குப் பதில் சாக்லேட். ஓவன் இல்லாத வீட்டிலும் ஏர் ஃப்ரையர் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஓவனுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து ஏர் ஃப்ரையரில் வைத்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும்: மேலே கருகி உள்ளே மாவு பச்சையாக இருக்கும், அல்லது சாக்லேட் வழிந்து கூடையில் கருகும், அல்லது அடிப்பக்கம் நமத்துப்போகும். மூன்றுக்கும் காரணம் ஏர் ஃப்ரையர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவோம்.

ஏர் ஃப்ரையரின் வெப்பச் சுருள் மேலே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்று மேலிருந்து வேகமாக இறங்கி, கூடையின் ஓட்டைகள் வழியாகப் போய், பக்கவாட்டில் ஏறித் திரும்புகிறது. ஓவனில் பண்டத்துக்கும் சுருளுக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கும். இங்கே 8 அல்லது 10 செ.மீ.தான். அதனால் பஃப்ஸ் உப்பி உயரும்போது அதன் தலை சுருளை நெருங்கிவிடும். அடிப்பக்கத்துக்கோ நேரடிச் சூடு எதுவும் கிடையாது. ஓட்டைகள் வழியே காற்று போனால்தான் உண்டு. இத்தனைக்கும் மேல் காற்றின் வேகம் வேறு. சரியாக ஒட்டாத மடிப்பைத் தூக்கித் திறந்துவிடும்.

மாவு உப்புவது ஈஸ்டாலோ பேக்கிங் பவுடராலோ அல்ல. மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. அந்த ஆவி வெளியேறப் பார்க்கிறது. வெண்ணெய் அடுக்கு அதைத் தடுக்கிறது. மாவு அடுக்கு தூக்கிக்கொள்கிறது. இது நடக்க வேண்டுமானால் மாவு கூடைக்குள் போகும் நொடிவரை வெண்ணெய் திடமாக, தனி அடுக்காக இருந்தாக வேண்டும். வெண்ணெய் முழுதாக உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதச் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பண்டத்தில் கைத்திறமையைவிடக் குளிர்ச்சிதான் முக்கியம். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் ஃபிரிட்ஜில் வைப்பது பற்றியே இருந்தால் வியப்படைய வேண்டாம்.

எதை வாங்குவது

12 பஃப்ஸுக்கான மாவு:

மைதா 250 கிராம்
உப்பு போடாத வெண்ணெய் 200 கிராம்
உப்பு அரைத் தேக்கரண்டி
வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி
ஐஸ் தண்ணீர் 110 முதல் 120 மி.லி.

மைதா பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் 10 அல்லது 11 கிராம் என்று இருந்தால் சரி. அதற்கும் குறைவாக இருந்தால் தேய்க்கும்போது அடுக்கு கிழியும். கோதுமை மாவு சேர்க்க ஆசைப்படுபவர்கள் 50 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். முழுக்கக் கோதுமையில் செய்தால் தவிட்டுத் துகள்கள் அடுக்கைக் குத்திக் கிழிக்கும், ஆவி கசிந்துவிடும்.

கடையில் விற்கும் பாக்கெட் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு, அதிகபட்சம் 16 சதவீதம் ஈரம் என்பது இந்திய விதி. அந்தக் கணக்கு இந்த மாவுக்குப் பொருந்தும். உப்பு போட்ட மஞ்சள் டேபிள் பட்டர்தான் கிடைத்தது என்றால் மாவில் உப்பை விட்டுவிடுங்கள், வேறு மாற்றம் தேவையில்லை. வீட்டில் கடைந்த வெண்ணெய் வேண்டாம். அதில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. நெய் இன்னும் மோசம்: அதில் தண்ணீரே இல்லை, ஆவியும் இல்லை. நெய் போட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும், அடுக்கு வராது.

பேக்கரிகள் பெரும்பாலும் பஃப்ஸுக்கென்றே வரும் மார்ஜரினைப் பயன்படுத்துகின்றன. அது உருக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால் எந்த வெயிலிலும் வேலை செய்யலாம். நம் உடல் சூடு 37 டிகிரி என்பதால் அது வாயில் முழுதாக உருகாது. மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல ஒட்டும். மிளகாயும் வெங்காயமும் உள்ள பஃப்ஸில் இது மறைந்துவிடும். சாக்லேட்டில் மறையாது. சாக்லேட் பஃப்ஸுக்கு வெண்ணெயே.

நேரம் இல்லையென்றால் உறைநிலையில் விற்கும் பஃப் பேஸ்ட்ரி ஷீட் வாங்கலாம், தவறே இல்லை. சேர்மானப் பட்டியலைப் படித்து, வெண்ணெய் என்று இருப்பதைத் தேடுங்கள். தாவரக் கொழுப்பு என்றிருந்தால் மேலே சொன்ன மெழுகுச் சுவை கொஞ்சம் இருக்கும். ஷீட்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்து இளக்கினால் வெளிப்பக்கம் பிசுபிசுக்கும், நடுப்பக்கம் விறைப்பாகவே இருக்கும். பிரிக்கும்போது மடிப்பு வாகில் உடையும்.

பூரணம்

கடையில் வாங்கிய சாக்லேட் துண்டை அப்படியே வைத்து மூடினாலும் பண்டம் கிடைக்கும். ஆனால் உருகிய சாக்லேட் தண்ணீர்போல ஓடும் தன்மை கொண்டது. ஒரு ஊசிமுனை இடைவெளி இருந்தால் போதும், வெளியே வந்துவிடும். பிரான்சில் பேன் ஓ ஷொக்கொலா என்ற, உள்ளே சாக்லேட் வைத்த அடுக்கு ரொட்டியைச் செய்யும் பேக்கரிகள் இதற்கென்றே 8 செ.மீ. நீளக் குச்சிகளாக வரும் சாக்லேட்டைப் பயன்படுத்துகின்றன. சூட்டில் மென்மையாகும், ஆனால் ஓடாது. நம் ஊரில் அது எளிதில் கிடைக்காது. வீட்டிலேயே அதே குணத்தை வரவழைக்கலாம்:

டார்க் சாக்லேட் 120 கிராம்
வெண்ணெய் 20 கிராம்
பால் பவுடர் 30 கிராம்
வறுத்துப் பொடித்த முந்திரி அல்லது பாதாம் 20 கிராம்
இனிப்பில்லாத கோகோ பவுடர் 10 கிராம்

சாக்லேட்டையும் வெண்ணெயையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கரண்டியிலும் கிண்ணத்திலும் ஈரம் இருக்கவே கூடாது; ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். இறக்கிவிட்டு, சலித்த பால் பவுடர், கோகோ, முந்திரிப்பொடி மூன்றையும் கலக்குங்கள். பேக்கிங் பேப்பரின் மேல் 16 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில், 1 செ.மீ. தடிமனில் பரப்பி, ஃபிரிட்ஜில் 40 நிமிடம் வையுங்கள். பிறகு 8 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்தில் வெட்டினால் 12 குச்சிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 16 கிராம் சுமாருக்கு இருக்கும். வெட்டியதும் ஃப்ரீசருக்குள் போய்விட வேண்டும்.

பொடிகள் இங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை. உருகும் கொழுப்பை அந்தத் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்வதால் பூரணம் கெட்டியான கூழாக நிற்கிறது, ஓடுவதில்லை.

சாக்லேட் எது? 50 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் நன்றாக இருக்கும். பால் பவுடரின் இனிப்பும் சேர்வதால் 70-க்கு மேல் போனாலும் கெடுதல் இல்லை. பேக்கிங் கடைகளில் பெரிய கட்டியாக விற்கும் காம்பவுண்ட், கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது. விலை குறைவு, கையாள எளிது. சுவையில் வித்தியாசம் தெரியும், குறிப்பாகப் பண்டம் ஆறிய பிறகு. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு 50 செய்ய வேண்டுமென்றால் காம்பவுண்டே போதும்.

பாட்டிலில் வரும் சாக்லேட் சிரப் வேண்டவே வேண்டாம். அது பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர்; கொதித்துப் பொங்கி மடிப்பைப் பிளந்துவிடும். க்ரீம் சேர்த்துச் செய்யும் கனாஷும் அதே வகைதான். நியூட்டெல்லா போன்ற ஸ்ப்ரெட் பயன்படுத்துவதாக இருந்தால், 100 கிராமுக்கு 15 கிராம் பால் பவுடர் கலந்து, தேக்கரண்டியால் தட்டில் சிறு குவியல்களாக வைத்து, 2 மணி நேரம் ஃப்ரீசரில் கெட்டியாக்கிய பிறகே மாவில் வையுங்கள்.

மாவு

முறையான அடுக்கு மாவில் வெண்ணெயைத் தகடாக்கி, மாவுக்குள் மூடி, ஆறு முறை மூன்றாக மடிப்பார்கள். மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729 அடுக்கு. வெப்பமான சமையலறையில் அந்த வெண்ணெய்த் தகடு பாதியில் இளகி மாவோடு கலந்துவிடும் ஆபத்து அதிகம். இங்கே சொல்வது வெண்ணெயைத் துண்டுகளாகவே கலந்து மடிக்கும் எளிய முறை. ஐந்து மடிப்பு போதும். ஏர் ஃப்ரையரின் உயரத்துக்கு அதற்கு மேல் உப்பினால் தலை கருகும் என்பதால், இது சமரசம்கூட இல்லை.

மைதாவையும் கலக்கும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெயை ஒன்றரை செ.மீ. கட்டங்களாக வெட்டி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். கிரானைட் மேடையின் மேல் ஒரு தட்டில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் என்றால் காலை ஏழு மணிக்கு முன்பு, அல்லது ஏசி அறையில் ஒரு மேசையின் மேல். மின்விசிறிக்கு நேர் கீழே செய்தால் மாவின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும்.

மைதாவில் உப்பைக் கலந்து, வெண்ணெய்க் கட்டங்களைப் போட்டுப் புரட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே ஒரு முறை அழுத்தித் தகடாக்குங்கள். பிசறக் கூடாது. ரொட்டித்தூள்போல ஆகிவிட்டால் அடுக்கு போய்விட்டது என்று பொருள். வினிகர் கலந்த ஐஸ் தண்ணீரில் 100 மி.லி.யைத் தெளித்து, முள்கரண்டியால் கிளறுங்கள். அள்ளிப் பிடித்தால் சேர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். உதிர்ந்தால் மீதித் தண்ணீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். சப்பாத்தி மாவைப்போல் மெத்தென்று பிசைய வேண்டாம். பிசைந்தால் மாவு இழுத்துக்கொண்டு, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். வினிகர் சேர்ப்பதும் இந்தச் சுருக்கத்தைக் குறைக்கத்தான். ஆங்காங்கே வெண்ணெய் தெரிகிற, அழகில்லாத ஒரு மாவுக்கட்டி கிடைக்கும். அதுதான் வேண்டும். சதுரமாகத் தட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இனி மடிப்பு. லேசாக மாவு தூவி, 15 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்துக்குத் தேயுங்கள். பூரிக்கட்டையை முன்னும் பின்னும் ஓட்டுவதைவிட, முதலில் அங்கங்கே அழுத்தி, பிறகு ஒரே திசையில் உருட்டுவது அடுக்கைக் காப்பாற்றும். மேலே ஒட்டியிருக்கும் மாவை தூரிகையால் தட்டிவிட்டு, கடிதம் மடிப்பதுபோல மூன்றாக மடியுங்கள். 90 டிகிரி திருப்பி, இன்னொரு முறை தேய்த்து மடியுங்கள். இது இரண்டு மடிப்பு. ஃபிரிட்ஜில் 40 நிமிடம். மறுபடி இரண்டு மடிப்பு, மறுபடி 40 நிமிடம். கடைசியாக ஒரு மடிப்பு போட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். இரவு முழுவதும் என்றால் இன்னும் நல்லது. முதல் இரண்டு மடிப்பில் மாவு திட்டுத்திட்டாக இருக்கும், மூன்றாவதில் வழவழப்பாகிவிடும்.

நடுவில் வெண்ணெய் பளபளவென்று மேலே வந்து கட்டையில் ஒட்ட ஆரம்பித்தால், மாவு தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே தட்டோடு 15 நிமிடம் ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுங்கள்.

வெட்டுவதும் மடிப்பதும்

மாவில் பாதியை மட்டும் வெளியே எடுங்கள். 3 மி.மீ. தடிமனில் 26 செ.மீ.க்கு 32 செ.மீ. தேய்த்தால், நான்கு ஓரங்களையும் சீவிவிட்டு 24-க்கு 30 செவ்வகம் கிடைக்கும். ஓரத்தைச் சீவுவது அழகுக்காக மட்டும் அல்ல. கட்டையால் நசுங்கிய ஓரத்தில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே மாவு எழும்பாது. கூரான கத்தியால் மேலிருந்து அழுத்தி வெட்டுங்கள். இழுத்தால் அடுக்கு நசுங்கும். 12-க்கு 10 செ.மீ. அளவில் ஆறு துண்டுகள். சீவிய ஓரங்களை உருட்டிப் பிசையாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் சர்க்கரை தூவிய காரக்குச்சி அளவில் சில பிஸ்கட்டுகள் கிடைக்கும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாதியின் நடுவே கால் தேக்கரண்டி ரஸ்க் தூளோ பாதாம் பொடியோ தூவி, அதன் மேல் உறைந்த சாக்லேட் குச்சியை வையுங்கள். கசியும் கொழுப்பை அந்தத் தூள் உறிஞ்சிக்கொள்வதால் அடிமாவு பிசுபிசுப்பாகாது. குச்சியின் இரு முனையிலும் 1 செ.மீ. இடம் இருக்க வேண்டும். ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டு மெல்லியதாகத் தடவி, புத்தகம்போல மூடி, மூன்று பக்கமும் முதலில் விரலால், பிறகு முள்கரண்டியால் அழுத்துங்கள். தண்ணீர் அதிகமானால் வழுக்கும், ஒட்டாது.

மூடும்போது உள்ளே காற்று தங்க விடாதீர்கள். குச்சியை ஒட்டி மாவை அமுக்கிக்கொண்டே வந்து கடைசியில் ஓரத்தை ஒட்டுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்துதான் பல பஃப்ஸ் வெடிக்கிறது. பழி சாக்லேட் மேல் விழுகிறது.

மேற்புறத்தில் கத்தி நுனியால் மூன்று சிறு கீறல் போடுங்கள், 1 செ.மீ. நீளம், முதல் அடுக்கு மட்டும் திறக்கும் ஆழம். ஒன்றை மட்டும் உள்வரை குத்திவிடுங்கள், ஆவிக்கு வழி வேண்டும்.

தீபாவளிக்குச் சோமாஸ் செய்யும் அச்சு வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். 10 செ.மீ. வட்டமாக வெட்டி, உள்ளே 10 கிராம் பூரணம் வைத்து அச்சை அழுத்தினால் ஓரம் அசையாமல் ஒட்டும். ஓரத்தில் அடுக்கு எழும்பாது, வயிற்றில் மட்டும் எழும்பும். கசிவு பயம் உள்ளவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வடிவம்.

மடித்தவற்றைத் தட்டில் அடுக்கி 25 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். இந்தப் படியை விட்டால் முன்பு பட்ட பாடெல்லாம் வீண். வெளிமாவு வெந்து கெட்டியாகி ஒரு கூடு உருவாகும்வரை உள்ளே சாக்லேட் திடமாக இருக்க வேண்டும். அந்த ஐந்தாறு நிமிட அவகாசத்தை ஃப்ரீசர்தான் வாங்கித் தருகிறது.

மேல்பூச்சு

ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து வடிகட்டினால் நல்ல பளபளப்பு வரும். முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஃப்ரெஷ் க்ரீமில் ஒரு தேக்கரண்டி பால் கலந்து தடவலாம். பாலில் சர்க்கரையோ தேனோ கலந்து தடவும் வழக்கம் ஓவனுக்குச் சரி. இங்கே சுருள் பக்கத்தில் இருப்பதால் ஐந்தே நிமிடத்தில் கறுத்துவிடும். அதைத்தான் தடவ வேண்டும் என்றால் கடைசி மூன்று நிமிடத்துக்கு முன் தடவுங்கள்.

பூச்சு வெட்டிய பக்கவாட்டில் வழியக் கூடாது. அது அடுக்குகளைப் பசைபோல ஒட்டிவிடும், அந்தப் பக்கம் எழும்பாமல் பஃப்ஸ் சாய்ந்து நிற்கும்.

சுடுவது

வெறும் கூடையுடன் 190 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். இந்த நேரத்தில் பேக்கிங் பேப்பரை உள்ளே வைக்காதீர்கள். எடை இல்லாத காகிதத்தை விசிறி தூக்கிச் சுருளில் ஒட்டவைத்துவிடும், தீப்பிடிக்கும். பஃப்ஸை வைக்கும்போது, அதன் அடி அளவுக்கே வெட்டிய காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் கூடையில் லேசாக எண்ணெய் தடவிவிட்டு, காகிதம் இல்லாமலே வையுங்கள். அடி இன்னும் மொறுமொறுப்பாக வரும். மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவான பட்டர் பேப்பர் எல்லாம் சூட்டுக்கு ஏற்றது அல்ல. பேக்கிங்குக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இப்போது எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் கிண்ண வடிவ சிலிக்கான் லைனர் இதற்கு ஆகாது. கழுவும் வேலை மிச்சம்தான், ஆனால் கீழிருந்து வரும் காற்றை அது முழுதாக அடைத்துவிடுகிறது. பஃப்ஸ் தன் வெண்ணெயிலேயே ஊறி அடி வேகாமல் கிடக்கும்.

4 லிட்டர் கூடையின் அடி 20 செ.மீ. சுமாருக்கு இருக்கும். அதில் மூன்று பஃப்ஸ்: இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில், மூன்றாவதைக் குறுக்கே. நடுவில் 2 செ.மீ. இடைவெளி. நான்காவதைத் திணித்தால் நான்குமே பக்கவாட்டில் வெளுத்து நிற்கும். 6 லிட்டர் கூடையில் நான்கு வைக்கலாம். மற்றவை தங்கள் முறை வரும்வரை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.

180 டிகிரியில் 7 நிமிடம். இந்த நேரத்தில்தான் மாவு எழும்புகிறது. கூடையை வெளியே இழுத்துப் பார்க்காதீர்கள்; சூடு சட்டென்று இறங்கி, பாதி எழுந்த அடுக்கு படுத்துவிடும். பிறகு 160 டிகிரிக்கு இறக்கி 6 நிமிடம். உள் அடுக்குகள் காய்ந்து மொறுமொறுப்பாவது இப்போதுதான். மேற்புறம் அதற்குள் நல்ல பழுப்பாகிவிட்டால் 150-க்கு இறக்குங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். கடைசியாக இடுக்கியால் மெதுவாகத் திருப்பிப் போட்டு, அதே சூட்டில் 2 அல்லது 3 நிமிடம். அடிப்பக்கம் வேகும் வழி இது ஒன்றுதான்.

வெந்ததா என்று பார்க்க நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஓரத்தில் தெரியும் அடுக்குகளைப் பாருங்கள்: ஈர மஞ்சளாக இருந்தால் இன்னும் வேண்டும். சமையலறைத் தராசு இருந்தால் அதுவே நல்ல சாட்சி. 57 கிராமுக்கு உள்ளே போன பஃப்ஸ் வெளியே வரும்போது 50 கிராம் பக்கத்தில் இருந்தால் தேவையான தண்ணீர் ஆவியாகிவிட்டது. 54, 55 என்று இருந்தால் இன்னும் மூன்று நிமிடம்.

மேலே சொன்ன நிமிடங்கள் 1,400 முதல் 1,500 வாட் வரையிலான இழுப்பறை வகைக்கு. கண்ணாடிக் கதவு வைத்த ஓவன் வகையில் நடுத்தட்டில் வைத்து இரண்டு, மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மின்னழுத்தமும் ஒரு விஷயம். மாலை நேரத்தில் 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால் சுருளின் திறன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். அதே வீட்டில், அதே மாவில், காலையில் எழும்பிய பஃப்ஸ் இரவில் எழும்பாததற்கு இது காரணமாக இருக்கலாம். அந்த நேரங்களில் முன்சூடு பத்து நிமிடம் கொடுங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் தடவை ஒரே ஒரு பஃப்ஸை மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வையுங்கள். இரண்டாவது ஈடுக்குக் கூடை ஏற்கெனவே சூடாக இருக்கும். ஒரு நிமிடம் முன்பே பார்க்க ஆரம்பிக்கலாம்.

சுட்டதும் தட்டில் வைக்காதீர்கள். அடியில் ஆவி அடைபட்டு, கஷ்டப்பட்டு வரவழைத்த மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். கம்பித் தட்டில் பத்து நிமிடமாவது ஆறட்டும். வெளிமாவு கைப்பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் உள்ளே சாக்லேட் நாக்கைச் சுடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பொடித்த சர்க்கரை தூவுவதாக இருந்தால் முழுக்க ஆறிய பிறகு.

எங்கே தவறும்

உப்பவே இல்லை, கூடைக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. வெண்ணெய் மாவோடு கலந்துவிட்டது, அல்லது இளகிய நிலையில் கூடைக்குள் போனது, அல்லது முன்சூடு இல்லை. மூன்றில் எது என்று பார்க்க, அடுத்ததை நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்து நன்றாகச் சூடேறிய கூடையில் வையுங்கள். அப்போதும் எண்ணெய் வடிந்தால் தவறு மடிப்பில்தான் நடந்திருக்கிறது. அந்த மாவைக் காப்பாற்ற முடியாது, பிஸ்கட்டாக வெட்டிச் சுட்டுவிடலாம்.

மேல் மடிப்பு மூடிபோலத் திறந்துகொண்டது. ஓரம் ஒட்டவில்லை, அல்லது தேய்க்கும்போது தூவிய மாவு ஒட்டும் இடத்தில் தங்கிவிட்டது. மூடுவதற்கு முன் தூரிகையால் துடையுங்கள். மடித்த பக்கம் விசிறிக் காற்று வேகமாக வரும் பக்கமாக, அதாவது கூடையின் சுவரைப் பார்த்து இருக்கட்டும். ஒட்டிய பக்கம் நடுவில்.

ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தேய்த்ததில் தடிமன் சீராக இல்லை, அல்லது பூச்சு வழிந்தது. சுவைக்கு ஒன்றும் குறைவில்லை.

வெள்ளைப் புகை. முந்தைய நாள் கோழி பொரித்த கொழுப்பு அடித்தட்டில் இருக்கும். வெண்ணெயும் அதோடு சேர்ந்து புகையும். இனிப்பு சுடுவதற்கு முன் கூடையையும் அடித்தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் சாக்லேட்டில் மசாலா வாசமும் வரும்.

கடித்தால் உள்ளே சாக்லேட் காய்ந்து மணல்மணலாக இருக்கிறது. குச்சி மெல்லியதாக இருந்திருக்கும், அல்லது உள்வரை போட்ட கீறல் பெரிதாகி, சூடான காற்று நேரே சாக்லேட்டில் பட்டிருக்கும். மில்க் சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் அதிகம் என்பதால் அது இன்னும் சீக்கிரம் கருகும்.

சேமிப்பு

சுட்டதை அன்றே சாப்பிடுவது நல்லது. மறுநாளுக்கு வைத்தால் காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே வைத்து, சாப்பிடும் முன் 150 டிகிரியில் 3 அல்லது 4 நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் ஒருபோதும் வேண்டாம். மாவு தோல்போல இழுக்கும்.

சுடாததை ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். முதலில் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். சுடும்போது இளக்கத் தேவையில்லை. மேல்பூச்சு தடவி, 180-இல் 7 நிமிடம், 160-இல் 9 நிமிடம். விருந்தாளி வந்து உட்கார்ந்து காபி டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் தயாராகிவிடும் என்பதால், 12-ஐயும் ஒரே நாளில் சுடாமல் பாதியை இப்படி வைப்பதே புத்திசாலித்தனம்.

மாவு செய்யப் பொறுமை இல்லாத நாளில்

வெங்காய சமோசாவுக்கு விற்கும் பட்டியை எடுத்து, ஒரு பக்கம் உருக்கிய வெண்ணெய் தடவி, முனையில் பாதிக் குச்சியை வைத்து முக்கோணமாக மடித்து, மைதாப் பசையால் ஒட்டுங்கள். வெளியேயும் வெண்ணெய் தடவி 170 டிகிரியில் 7 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. உப்பாது, ஆனால் அப்பளம்போல நொறுங்கும். பலருக்கு இதுவே அதிகம் பிடிக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் உறைநிலைப் பரோட்டாவையே பஃப் ஷீட்டாகப் பயன்படுத்துவார்கள். அது வேகவைக்காத மாவாக இருந்தால் அருமையாக வரும்: ஒரு பரோட்டாவை ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் இளக்கி, பாதியாக மடித்து, 15 கிராம் பூரணத்தோடு 170-இல் 11 அல்லது 12 நிமிடம். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் மலபார் பரோட்டா பாக்கெட்டுகளில் பல பாதி வெந்தவை. அவற்றின் ஓரம் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. பாக்கெட்டைத் திருப்பி, பாதி வெந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.